எங்கள் ஊர் மரக்கோயிலை இடிக்கப் போகிறார்கள்: இதற்கெல்லாம் பாரம்பரிய மதிப்பு உண்டா?

சாயல்குடி மெக்கானிக்:

சாயல்குடியிலிருந்து கடலைப் பார்த்துப் போனால், பனங்காடு முடிகிற இடத்தில் எங்கள் ஊர். பேர் போட மாட்டேன். கோயில் கமிட்டியில் பாதிப்பேர் எனக்கு மாமன் மச்சான் முறை, நாளைக்கு அவர்கள் முகத்தில் முழிக்க வேண்டும்.

அந்தோணியார் கோயிலை இடித்துவிட்டு, காங்கிரீட்டில் இரண்டு கோபுரம் வைத்துப் புதுக்கோயில் கட்டுவதாக ஊர்க்கூட்டத்தில் முடிவாகிவிட்டது. தலைக்கட்டுக்கு இவ்வளவு என்று வரியும் போட்டாயிற்று. என்னைப் போல வெளியூரில் சம்பாதிப்பவனுக்கு இரட்டிப்பு. வரி கட்டுவதில் எனக்குத் தகராறு இல்லை. இப்போது நிற்கிற கோயிலை இடிக்கத்தான் வேண்டுமா என்பதுதான் உறுத்துகிறது. வாயைத் திறந்தால் "காசு கொடுக்க மனசில்லாமல் பாரம்பரியம் பேசுகிறான்" என்பார்கள். அதனால் விவரம் தெரிந்தவர்களிடம் முதலில் கேட்டுவிடலாம் என்று இங்கே வந்தேன்.

கோயில் பெரிதெல்லாம் இல்லை. நெருக்கி உட்கார்ந்தால் நூறு பேர். இடுப்பு உயரத்துக்கு முருகைக்கல் (பவளப்பாறைக் கல்) சுவர், அதற்கு மேல் கூரை வரைக்கும் பலகை. நம் பக்கத்துப் பழைய கோயில்கள் எல்லாம் கல்லும் சுண்ணாம்பும்தான். பலகைச் சுவர் வைத்த கோயிலை நான் வேறு எங்கும் பார்த்ததில்லை. உள்ளே இரண்டு வரிசை மரத்தூண், மேலே பனங்கைமரம், சீமை ஓடு. பீடமும் மரம், அந்தோணியார் சுரூபமும் மரம். திருவிழாவுக்குத் திருவிழா எனாமல் பெயின்ட் அடித்து அடித்து, பீடத்தில் செதுக்கியிருந்த திராட்சைக்கொடி இப்போது புடலங்கொடி மாதிரி இருக்கிறது.

கரை தட்டி உடைந்த ஒரு தோணியின் மரத்தை வாங்கிக் கட்டிய கோயில் என்று பெரியவர்கள் சொல்வார்கள். எந்தத் தோணி, எந்த வருஷம் என்று கேட்டால் ஆளுக்கு ஒன்று. கல்வெட்டு கிடையாது. மணியில் ஒரு சிலுவை மட்டும் இருக்கிறது. 64 புயலில் ஓடு பூராவும் பறந்தது, மரம் அசையவில்லை என்று எங்கள் அப்பத்தா சொல்லும். ஓரியூர் மாதிரி அருளானந்தர் 1693-ல் ரத்தம் சிந்திய மண் இல்லை. வேதாளை மாதிரி 1549-லேயே ஒரு சேசு சபைச் சாமியார் கொல்லப்பட்ட இடமும் இல்லை. கும்பிட வந்தவர்கள் எல்லாம் எங்களை மாதிரி மீன் பிடிக்கிறவர்களும் பனை ஏறுகிறவர்களும்தான்.

இப்படிப்பட்ட ஒன்றுக்கு மதிப்பு என்று எதைச் சொல்வது? வயசை எப்படிக் கண்டுபிடிப்பது? மேற்குப் பக்கம் நாலைந்து கைமரத்தின் நுனி உளுத்துப்போய் மழைக்கு ஒழுகுகிறது. கமிட்டி சொல்கிற காரணத்தில் அது ஒன்று நியாயம்தான். நான் டீசல் இன்ஜின் பார்க்கிறவன், மரத்தைப் பற்றி ஒன்றும் தெரியாது.

ஓடாவி மகன், பாம்பன்:

தம்பி, எங்கள் அப்பா ஓடாவி, அதாவது வல்லம் என்கிற மரப்படகு கட்டியவர். நான் கொஞ்ச காலம் அவரோடு நின்றுவிட்டு வீட்டு மரவேலைக்குப் போனவன். தெரிந்ததைச் சொல்கிறேன்.

தோணிக் கதையை முதலில் ஓரமாக வையுங்கள். இந்தக் கடற்கரையில் பாதிக் கோயிலுக்குத் தோணிக் கதை உண்டு, மீதிப் பாதிக்கு மாதா மிதந்து வந்த கதை உண்டு. நிஜமா என்பதைப் பலகையே சொல்லிவிடும். காலை வெயில் சாய்வாக விழுகிற நேரத்தில், பெயின்ட் உரிந்த இடமாகப் பார்த்து நில்லுங்கள். கட்டடத்துக்கென்று அறுத்த பலகையில் ஆணி தூணுக்கு நேராக மட்டும் இருக்கும். தோணிப் பலகை என்றால் தூணுக்குச் சம்பந்தமே இல்லாமல், ஒரே சீரான இடைவெளியில் மேலும் கீழுமாக இரண்டிரண்டு ஓட்டை வரும். தோணிக்குள்ளே வங்கு, அதாவது விலா எலும்பு மாதிரி வளைந்த சட்டம், நின்ற இடம் அது. ஓட்டையை மரக்குச்சி வைத்து அடைத்திருப்பார்கள். சுற்றிலும் கறுப்பாக வளையம் தெரிந்தால், இரும்பாணி உப்புத் தண்ணீரில் துருவேறி மரத்துக்குள் ஊறிய கறை.

அப்புறம் பலகைகள் சேருகிற சந்து. ஒரு கோணி ஊசியை விட்டு மெதுவாகக் கிளறுங்கள். எண்ணெய்ப் பிசுக்கோடு பஞ்சு வந்தால் கலப்பத்து அடித்திருக்கிறார்கள், படகில் தண்ணீர் புகாமல் சந்தை அடைக்கிற வேலை அது. விளிம்பில் அங்கங்கே மட்டும் ஒட்டியிருந்தால் தோணியிலிருந்து வந்த பழைய பஞ்சு. சந்து முழுக்க ஒழுங்காக இறங்கியிருந்தால், கோயில் கட்டியவனே வாடைக்காற்று உள்ளே வராமல் இருக்க அடித்தது. எப்படியானாலும் கட்டியவன் வீட்டுத் தச்சன் இல்லை, ஓடாவி.

வயசுக்கு எல்லாரும் கூரை ஓடுகளைத்தான் முதலில் பார்ப்பார்கள், அடியில் கம்பெனி முத்திரை இருக்கும். மங்களூரில் பாசல் மிஷன்காரர்கள் சீமை ஓட்டுத் தொழிற்சாலை ஆரம்பித்ததே 1865-ல்தான், ஆகவே அந்த ஓடு எதுவும் அதற்கு முந்தியது கிடையாது. ஆனால் உங்கள் ஓடு 64-ல் பறந்துவிட்டது என்கிறீர்கள், இப்போது இருப்பது பிறகு போட்டது. அதனால் ஓடுகளை விடுங்கள், கைமரத்தின் முதுகைப் பாருங்கள். இப்போதைய ரீப்பருக்கு நடுவில் பழைய ஆணித்தடம் நெருக்க நெருக்கமாக இருந்தால், முன்னால் நாட்டு ஓடு போட்டிருந்த கூரை. சீமை ஓடு நம் ஊர்களுக்கு வந்து சேருவதற்கு முந்திய கூரையாகவும் இருக்கலாம்.

மதிப்பு என்ன என்று கேட்டீர்கள். புனிதர் நடந்தாரா, சேதுபதி நிலம் கொடுத்தாரா என்பது ஒரு கணக்கு. என் கணக்கு வேறு. பைபர் படகு வந்ததற்கு அப்புறம் மரவல்லம் கட்டுகிற வேலையே அருகிப்போனது. பழைய வல்லத்தை எல்லாம் உடைத்து விறகாக்கிவிட்டோம். கடலில் ஓடியது எதுவும் நூறு வருஷம் தாங்காது. ஓடாவி கைவேலை மிச்சம் இருக்க வேண்டுமென்றால் கரையில், கூரைக்கடியில் நிற்க வேண்டும். வீடு என்றால் பங்கு பிரிக்கும்போது கழற்றிவிடுவார்கள், கோயில் என்பதால்தான் உங்கள் ஊரில் இத்தனை காலம் யாரும் கை வைக்கவில்லை. எங்கள் அப்பா எப்படிப் பலகையைச் சேர்த்தார் என்று என் மகனுக்குக் காட்ட இந்தத் தீவில் ஒரு சுவர் கிடையாது. உங்களிடம் இருக்கிறது.

உளுத்த நுனி பெரிய வியாதி இல்லை. நான் பந்தயம் கட்டுவேன், அந்த இடத்தில் யாரோ சிமென்ட் பூசியிருப்பார்கள். சுண்ணாம்பு ஈரத்தை வெளியே விடும், சிமென்ட் உள்ளேயே பிடித்து வைக்கும். கைமரத்தின் தலை அதில் புதைந்து கிடந்தால் உளுக்காமல் என்ன செய்யும்? சிமென்டைக் கொத்தி எடுத்துவிட்டு, உளுத்த நுனியை மட்டும் சாய்வாக அறுத்து, வைரம் பாய்ந்த பனைத்துண்டு இணைத்து மர ஆணி அடிக்கலாம். பச்சைப் பனையை வெட்டப் போகாதீர்கள், அனுமதி அது இது என்று இழுக்கும், காயவும் நாளாகும். பழைய வீடு பிரிக்கிற இடத்தில் கைமரம் வாங்குங்கள்.

காங்கிரீட் பற்றிப் பாம்பன்காரனிடம் கேட்க வேண்டாம். உப்புக்காற்றில் இரும்பு என்ன ஆகும் என்று எங்களுக்குத் தெரியும்: 1914-ல் திறந்த ரயில் பாலத்தில் துரு காரணமாக 2022 டிசம்பரில் ரயிலை நிறுத்தினார்கள். புதுப் பாலத்துக்குக் காங்கிரீட்டுக்குள் துருப்பிடிக்காத கம்பி போட்டிருக்கிறார்கள். உங்கள் கமிட்டி அந்தக் கம்பியா வாங்கப் போகிறது?

கரைவலை அக்கா:

எல்லாரும் மரத்தையே பேசுகிறீர்கள். ஒழுகுகிற கோயிலில் கைப்பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நின்று முழுப் பூசை பார்த்தவர்கள் யாராவது இங்கே இருக்கிறீர்களா?

எங்கள் ஊரிலும் பழைய கோயில் இருந்தது. இடித்துக் கட்டினோம். முன்பு திருவிழாவுக்கு ஆம்பளைகள் உள்ளே, பொம்பளைகள் வெளியே கொட்டகையில். பிரசங்கம் காதில் விழாது, மைக் சத்தம் மட்டும் விழும். இப்போது எல்லாரும் உள்ளே உட்காருகிறோம். பழைய கோயில் போனதற்கு நான் ஒரு நாளும் அழவில்லை. வெளியூரில் இருந்துகொண்டு திருவிழாவுக்கு வந்து போகிறவர்களுக்குப் பழசு அழகாகத்தான் தெரியும் தம்பி. தினம் சாயங்காலம் செபமாலை சொல்ல வருகிற கிழவிகளிடம் கேட்டீர்களா?

ஆனால் இரண்டு விஷயம் சொல்லியே ஆக வேண்டும். புதுக்கோயில் மேல்தளம் இப்போதே காரை பெயர்ந்து கம்பி தெரிகிறது, போன வருஷம் ஒரு துண்டு பாட்டுக்குழு பெஞ்சில் விழுந்தது. நல்லவேளை, வெள்ளிக்கிழமை, யாரும் இல்லை. இன்னொன்று, இடிக்கும்போது பழைய பீடத்தையும் கதவையும் விறகு விலைக்கு ஒரு வியாபாரி அள்ளிக்கொண்டு போனார். காரைக்குடியில் பழைய சாமான் விற்கிற தெருவில் அந்த மாதிரி ஒரு கதவுக்கு விலை கேட்டுப் பார்த்தேன். வயிறு எரிந்தது. நீங்கள் இடித்தாலும் சரி, வைத்தாலும் சரி, ஒரு சட்டத்தைக்கூட வெளியே விடாதீர்கள்.

பாதிக் குருமடம்:

சாமியார் ஆவதற்குக் குருமடத்தில் சில வருஷம் படித்துவிட்டு வெளியே வந்தவன். நம் ஆட்களுக்குத் தெரியாத விஷயம் ஒன்று உண்டு: ஊர்க்கூட்டத்தில் முடிவாவது பாதி வழிதான். திருச்சபைச் சட்டத் தொகுப்பில் 1215-ஆவது பிரிவின்படி ஆயரின் எழுத்துப்பூர்வ ஒப்புதல் இல்லாமல் எந்தக் கோயிலும் கட்ட முடியாது. அடுத்த பிரிவு, கட்டும்போதும் பழுதுபார்க்கும்போதும் வல்லுநர்களின் ஆலோசனை கேட்கச் சொல்கிறது. 1189-ஆவது பிரிவு இன்னும் நேரடியானது. பழமையாலோ கலையாலோ மக்களின் பக்தியாலோ மதிப்பு பெற்ற சுரூபத்தைப் பழுதுபார்ப்பதற்கே ஆயரின் எழுத்து அனுமதி வேண்டும், அவரும் வல்லுநர்களைக் கேட்டுத்தான் கொடுக்க வேண்டும். உங்கள் மர அந்தோணியாருக்கு வருஷா வருஷம் எனாமல் அடிக்கிறவர் இதைப் படித்தால் பிரஷ்ஷைக் கீழே போட்டுவிடுவார்.

இதையெல்லாம் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள், கூட்டத்தில் எடுத்து வீசாதீர்கள். முதலில் பங்குத்தந்தையிடம் தனியாகப் பேசுங்கள். அவரைத் தாண்டி நேராகச் சிவகங்கை ஆயரகத்துக்கு மனு போட்டால், அவருக்கும் கோபம், ஊருக்கும் கோபம்.

வயசுக்கு ஒரு வழி. உங்களுடையது வேறொரு பெரிய பங்கின் கீழ் வருகிற கிளைப்பங்காகத்தான் இருக்கும். தாய்ப்பங்கின் ஞானஸ்நானப் பதிவேட்டில் பழைய பக்கங்கள் லத்தீனில் இருக்கும், ஆனால் ஊர்ப்பேரைக் கண்டுபிடிக்க லத்தீன் தெரிய வேண்டாம். உங்கள் ஊர்ப்பேர் முதலில் எந்தப் பக்கத்தில் வருகிறது, அந்தக் கோயிலிலேயே ஞானஸ்நானம் கொடுத்ததாக எப்போது வருகிறது என்று பாருங்கள். 1838-க்குப் பிறகு மதுரை மிஷனுக்கு வந்த பிரெஞ்சு சேசு சபையார் நிறையக் கடிதம் எழுதியவர்கள். அவர்களுடைய ஆவணங்கள் கொடைக்கானல் செண்பகனூரில் இருக்கின்றன. அது இரண்டாம் கட்டம், முதலில் பதிவேடு.

லெவல் மிஷின்:

சர்வேயர். ஒரே கேள்வி: கோயில் அலைவாய்க்கரையிலிருந்து எத்தனை மீட்டர்? கிராமப்பகுதியில் உயர் அலைக்கோட்டிலிருந்து 200 மீட்டர் வரை கட்டுமானத் தடைப்பகுதி. 2019 கடலோர ஒழுங்குமுறை அறிவிக்கையில் மக்கள் நெருக்கமான கிராமங்களுக்கு மட்டும், கடலோர மேலாண்மைத் திட்டம் ஒப்புதலானால், 50 மீட்டராகக் குறையும். தடைப்பகுதிக்குள் அனுமதியோடு ஏற்கெனவே இருக்கிற கட்டடத்தைப் பழுதுபார்க்கலாம், அதே அடித்தள அளவுக்குள் திரும்பக் கட்டலாம். பெரிதாக்க முடியாது. இடித்துவிட்டுப் பெரிதாகக் கட்டத் திட்டம் போட்டு, நடுவில் நின்றுபோனால் பழையதும் இல்லை, புதியதும் இல்லை. கடைக்கால் தோண்டுவதற்கு முன்னால் இதைக் கேட்கச் சொல்லுங்கள்.

முருகைக்கல்லையும் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். 2001-ல் பவளப்பாறைகளை வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்த்துவிட்டார்கள். கடலிலிருந்து புதிதாக ஒரு கல் எடுக்க முடியாது. சுவரைப் பழுதுபார்க்க உங்களிடம் இருக்கிற கல்தான் கல்.

என்ஜின் ரூம்:

கப்பலில் என்னோடு வேலை பார்த்த சிலிக்காரர் ஒருவர் அவர் ஊர்ப் படத்தைக் காட்டுவார். தெற்கே சிலோயே என்று தீவுக்கூட்டம், மழையும் மீனும் மரமும்தான். அங்கேயும் சேசு சபைக்காரர்கள் படகில் ஊர் ஊராகப் போய் வேதம் சொன்னார்கள். கோயில் கட்டியது படகு கட்டுகிற ஆட்கள், இணைப்புக்கு மர ஆணி. அந்த மரக்கோயில்களில் 16-ஐ யுனெஸ்கோ 2000-ல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. பெரும்பாலானவை மீனவர் கிராமக் கோயில்கள்தான். பலகை உளுத்தால் மாற்றுவார்கள், இன்றைக்கும் பூசை நடக்கிறது. உங்கள் கமிட்டிக்கு அந்தப் படத்தைக் காட்டுங்கள். "மரம் ஏழைக் கோயில்" என்ற எண்ணம்தான் நம் ஊரில் பாதிப் பிரச்சினை.

சாயல்குடி மெக்கானிக்:

எல்லாருக்கும் நன்றி. ஊருக்குப் போய்விட்டு வந்து எழுதுகிறேன்.

ஓடாவி அண்ணே, நீங்கள் சொன்ன ஓட்டை இருக்கிறது. தெற்குச் சுவரில் ஏழு பலகையில் தூணுக்குச் சம்பந்தமில்லாமல் சோடி சோடியாக வருகிறது, கறுப்பு வளையமும் இருக்கிறது. வடக்குச் சுவரில் ஒன்றுகூட இல்லை, அது வேறு மரம், லேசாக இருக்கிறது. ஆகத் தோணி மரம் பாதிச் சுவருக்குத்தான் போதியிருக்கும்போல. சந்தில் ஊசி விட்டதும் பஞ்சு வந்தது, முழு நீளத்துக்கும். கையில் தேய்த்தால் கறுப்பாகப் பிசுபிசுக்கிறது. உபதேசியார் பார்த்துவிட்டு, "கோயில் சுவரைக் குத்துகிறாயே, புத்தி கெட்டுப்போச்சா" என்று ஆரம்பித்தவர், அப்புறம் அவரே டார்ச் பிடித்தார். உளுத்த நுனியில் சிமென்டும் இருந்தது, பந்தயத்தில் நீங்கள் ஜெயித்தீர்கள்.

அக்கா, நீங்கள் சொன்னதும் சரிதான். செபமாலைக்கு வருகிறவர்களிடம் கேட்டேன். ஒழுகுவதை நிறுத்தினால் போதும் என்றவர்கள் பாதி, மின்விசிறி உள்ள பெரிய கோயில் வேண்டும் என்றவர்கள் பாதி. எங்கள் அப்பத்தாவே இரண்டாவது கட்சி.

அதனால் பழையதை அப்படியே வைத்துக்கொண்டு, திருவிழாக் கொட்டகை போடுகிற வடக்குப் பக்க நிலத்தில் புதியதைக் கட்டலாமே என்று பங்குத்தந்தையிடம் சொன்னேன். அந்த நிலம் கரையிலிருந்து இன்னும் உள்ளே தள்ளி இருக்கிறது, சர்வேயரைக் கூட்டிவந்து அளக்கப் போகிறோம். கச்சத்தீவில்கூட 2016-ல் பெரிய கோயிலைப் பழைய சின்ன அந்தோணியார் கோயிலுக்குப் பக்கத்தில்தானே கட்டினார்கள் என்று அவரே சொன்னார். எங்கள் ஆட்கள் வருஷா வருஷம் திருவிழாவுக்குப் போய்ப் பார்த்த இடம், அதனால் இந்த உதாரணம் கமிட்டியில் எடுபட்டது. சிலி எடுபடவில்லை, மன்னிக்கவும்.

இப்போது தலைவர் மாமாவின் ஒரே கேள்வி: "மாப்ளே, ரெண்டு கோயில் இருந்தா கொடிமரம் எதுக்கு முன்னாடி?" பதில் சொல்லத் தெரியவில்லை.

ஓடாவி மகன், பாம்பன்:

முழு நீளத்துக்கும் பஞ்சு என்றால் விஷயம் முடிந்தது, கட்டியவன் ஓடாவிதான். வடக்குச் சுவர் லேசான மரம் என்பதால் கறையான் முதலில் அங்கேதான் ஏறும், தரையோரம் தட்டிப் பாருங்கள், பொத்தென்று சத்தம் வந்தால் எழுதுங்கள். பீடத்து எனாமலை எடுக்கிறேன் என்று யாராவது தீ வைத்தோ காஸ்டிக் சோடா ஊற்றியோ சுரண்ட வந்தால் விரட்டிவிடுங்கள், கொடி முழுசாகப் போய்விடும். கூரையைப் பிரிக்கிற நாளுக்கு முன்னால் ஒவ்வொரு கைமரத்துக்கும் சாக்பீஸில் நம்பர் போட்டுப் படம் எடுங்கள். மழைக்காலத்துக்கு முன்பு என்றால் நானே வருகிறேன், பஸ் காசும் சாப்பாடும் போதும்.

கரைவலை அக்கா:

கொடிமரம் இருக்கிற இடத்திலேயே இருக்கட்டும் என்று மாமாவிடம் சொல்லுங்கள். கொடியேற்றமும் நவநாளும் பழையதில், திருவிழாப் பூசை புதியதில். சப்பரம் பழைய வாசலில் புறப்பட்டு அங்கேயே வந்து நிற்கட்டும். புதியதில் மின்விசிறி மாட்டும்போது பொம்பளைகள் பக்கமும் மாட்டச் சொல்லுங்கள், எங்கள் ஊரில் அதை மறந்துவிட்டார்கள்.